ரெண்டு பெட்டியும் ஒரு பத்திரமும்

அமெரிக்காவில் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால், பாயசம் வருவதற்குள் ஒரு கதை வந்துவிடும். "நான் வந்தப்போ கையில ரெண்டு பெட்டி, முந்நூறு டாலர். அவ்வளவுதான்." அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த பெரியவர்கள் சொன்னால் அது எட்டு டாலர். அந்நியச் செலாவணிக் கெடுபிடி இருந்த காலம், அதற்குமேல் கொண்டுபோக விடமாட்டார்கள். எட்டு முந்நூறாகி, முந்நூறு ஆயிரமாகிவிட்டது. கதை மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் பொய்யும் கிடையாது. பெட்டி இரண்டுதான். விமானத்தில் அதற்குமேல் சும்மா ஏற்றமாட்டார்கள்.

என்னை உறுத்துவது கதையின் பின்பாதி. நான் இருக்கும், வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரத்தில், ஒரு தீபாவளிச் சாப்பாட்டின்போது, நான் மதிக்கிற ஒருவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஒண்ணுமில்லாம வந்து நாம இந்த நிலைமைக்கு வந்திருக்கோம். இங்கேயே பொறந்து, இங்கிலீஷே தாய்மொழியா இருக்கிறவங்களுக்கு என்ன கேடு தம்பி?" 'இங்கேயே பொறந்தவங்க' என்று அவர் யாரைச் சொன்னார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நகரத்தின் மேற்குப் பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்களைச் சொன்னார். கூடவே, பக்கத்துச் சிற்றூர்களில் வேலையில்லாமல் இருக்கும் வெள்ளைக்காரர்களையும். நல்ல மனிதர். ஊரிலிருந்து புதிதாக வரும் மாணவர்களை விமான நிலையத்துக்கே போய்க் கூட்டிவந்து, வீடு கிடைக்கும்வரை தன் வீட்டில் தங்கவைப்பவர். அவருடைய அப்பா திருச்சியில் கல்லூரிப் பேராசிரியர், தாத்தா தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தர். அதுவும் அவரே சொன்னதுதான், வேறொரு நாள், பெருமையாக. இரண்டு கதைகளையும் அவர் ஒரே நாளில் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் பெரியவரிடம் மல்லுக்கு நிற்பது அழகில்லை. ஆனால் அந்தக் கேள்வி போகமாட்டேன் என்றது. கேள்விக்குப் பதில் இல்லாததால் அல்ல, எங்கள் ஊரில் பதில் நிறையவே கிடக்கிறது.

ஐம்பதில் ஐம்பதாவது

2014-ல் ராஜ் செட்டியும் அவரோடு சேர்ந்த பொருளாதார நிபுணர்களும் அமெரிக்காவின் 50 பெரிய நகர்ப்பகுதிகளை வரிசைப்படுத்தினார்கள். வருமானத்தில் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்த குழந்தை, வளர்ந்தபின் மேல்மட்ட ஐந்தில் ஒரு பங்குக்குள் போய்ச்சேர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் கணக்கு. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 12.9 சதவீதம். சார்லட்டில் 4.4. ஐம்பதில் ஐம்பதாவது இடம். வானளாவிய வங்கிக் கட்டடங்களைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஊருக்கு இது பெரிய அடி. குழு போட்டார்கள், அறிக்கை எழுதினார்கள், இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் 'ஐம்பதில் ஐம்பது' என்று சொல்லாமல் இருப்பதில்லை. 2024-ல் புதுக் கணக்கு வந்தபோது 38-வது இடத்துக்கு ஏறியிருந்தது. அதுவும் பெரிய சாதனையாகத்தான் பேசப்பட்டது.

ராஜ் செட்டியைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அவரே ஒன்பது வயதில் டெல்லியிலிருந்து இங்கே வந்தவர். தமிழ் வேர் உள்ள குடும்பம். அப்பா பொருளாதாரப் பேராசிரியர், அம்மா மருத்துவர். அவருடைய பெற்றோரின் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளையும் மேற்படிப்புக்கு அனுப்ப வசதியில்லை. அந்த வாய்ப்புக் கிடைத்த பிள்ளைகள்தான் அவருடைய அப்பாவும் அம்மாவும். அதனால் வந்த வித்தியாசம் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள்வரை தெரிகிறது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ரெண்டு பெட்டிக் கதையைவிட இது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

சரி, சார்லட்டுக்கு வருவோம். அந்த 4.4 சதவீதக் கணக்கில் நாங்கள் யாரும் இல்லை. அது 1980 வாக்கில் பிறந்து அங்கே வளர்ந்த பிள்ளைகளின் கணக்கு. அதே ஊரில், அதே காலத்தில், வங்கிகளின் கணினித் துறைகளை நம்பி ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய நாங்கள் தெற்குப் பக்கத்தில் வீடு வாங்கி, புல்வெட்டி, இந்தியக் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு சௌகரியமாக இருக்கிறோம். ஊரின் வரைபடத்தைப் பார்த்தால் தெற்கே ஆப்பு மாதிரி ஒரு பணக்காரத் துண்டு. அதைச் சுற்றி மேற்கு, வடக்கு, கிழக்கு என்று பிறைபோல ஏழைகளின் பகுதி. உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் சொல்வார்கள், பிறையும் ஆப்பும் என்று. அது தானாக வந்ததும் அல்ல. நகரின் நடுவே புரூக்ளின் என்று கறுப்பினத்தவரின் பேட்டை ஒன்று இருந்தது. பள்ளி, தேவாலயம், கடைகண்ணி எல்லாம் இருந்த இடம். 1960-களில் நகர் புதுப்பித்தல் என்ற பெயரில் அதை இடித்துத் தள்ளினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கிளம்பவேண்டியிருந்தது. இனப் பாகுபாடு போக வேண்டும் என்று 1971-ல் உச்ச நீதிமன்றம் இந்த ஊர் வழக்கில்தான் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கலந்து படிக்கவைக்க ஒப்புதல் தந்தது. 2002-ல் அந்த ஏற்பாடும் முடிந்தது. பள்ளிகள் மறுபடி தெருவைப் பொறுத்தவையாகிவிட்டன.

இந்த வரலாறு எதுவும் எங்களைத் தொடவில்லை. நாங்கள் வரும்போது சண்டை முடிந்து கோடுகள் போட்டாகிவிட்டது. நல்ல பக்கமாகப் பார்த்து இறங்கிக்கொண்டோம்.

பத்திரம்

என் கதைக்கு வருகிறேன். நான் கரூர்க்காரன். அப்பா எட்டாவது வரை படித்தவர். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தார். சமையலறைத் துண்டு, ஏப்ரன், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கையுறை, இப்படி. நான் 2010-ல் இன்ஜினீயரிங் சேர்ந்தபோதுதான் 'முதல் பட்டதாரி' சலுகை வந்திருந்தது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை ஏறி இறங்கி, இந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் அது. ஒண்ணுமில்லாமல் வந்தவன் என்று சொல்லிக்கொள்ள அந்தப் பேராசிரியர் மகனைவிட எனக்குத்தான் ஆதாரம் பலம்.

என் அறைத்தோழனும் அதே சான்றிதழோடு வந்தவன்தான். குளித்தலைப் பக்கத்துக் கிராமம், அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். என்னைவிட நன்றாகப் படிப்பான். செமஸ்டருக்கு முந்தின இரவு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். படிப்பு முடிந்து இரண்டு பேரும் சென்னையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தோம், இரண்டு பேரும் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்தோம். 2016-ல் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அவனுக்குக் கிடைத்தது என்னுடையதைவிடப் பேர்பெற்ற பல்கலைக்கழகம்.

அப்புறம் வங்கி. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் அப்போது சொத்துப் பிணை கேட்டார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டதோ அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அப்பா 1998-ல் மூன்று சென்ட் வாங்கி, வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கட்டிய வீடு இருந்தது. மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அப்பாவும் நானும் போனோம். மேலாளர் என் மதிப்பெண் பட்டியலை ஒருமுறை புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். பத்திரத்தை மட்டும் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு எல்லை விவரத்தில் விரல் வைத்துப் படித்தார். வில்லங்கச் சான்றில் ஒரு பழைய அடமானம் தெரிந்தது. மெஷின் வாங்க 2004-ல் அப்பா போட்ட கடன். கட்டி முடித்திருந்தார், ரசீதைப் பதியாமல் விட்டிருந்தார். அதைச் சரிசெய்ய அலைந்தோம். வங்கியின் வக்கீல் சட்டக் கருத்து எழுதினார், பொறியாளர் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து மதிப்புப் போட்டார். கடைசியில், பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்குச் சார்பதிவாளர் ஆபீசில் எம்.ஓ.டி. பதிவு. அங்கே காத்திருந்தபோது மேலாளர் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பத்திரம் க்ளியரா இருந்தா போதும்ணா, பையன் எப்படிப் படிப்பான்னு நான் கவலைப்படவே மாட்டேன்." அப்பா நிதானமாக, எழுத்துக்கூட்டுவதுபோல, தமிழில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது "வேலை கிடைக்கலைன்னா?" என்று கேட்டேன். "பாத்துக்கலாம் சாமி. வாடகை வீட்டுல இருந்தவங்கதான நாம" என்றார்.

நண்பனின் வீடு புறம்போக்கில் இருந்தது. பட்டா கிடையாது. தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் குடியிருக்கிறார்கள், மின் இணைப்பு இருக்கிறது, ரேஷன் கார்டில் அந்த விலாசம்தான். ஆனால் வங்கியின் கண்ணுக்கு அங்கே வீடே இல்லை. தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் பத்திரம் கேட்கவில்லை. அதற்குப் பதில் கூட்டாகக் கையெழுத்துப் போடுபவரின் சம்பளச் சீட்டு கேட்டார்கள். மூட்டை தூக்குபவருக்கு யார் சம்பளச் சீட்டு தருவார்கள்? அவன் போகவில்லை. இன்று கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறான், கார் வாங்கிவிட்டான், தங்கைக்குக் கல்யாணம் பண்ணிவைத்தான். அவனுக்காகப் பரிதாபப்பட ஒன்றுமில்லை. நான் சொல்ல வருவது வேறு. 'முதல் பட்டதாரி' என்று ஒரே முத்திரை வாங்கிய இரண்டு வீடுகளில், ஒரு வீட்டால் மட்டும்தான் ஒரு தோல்வியைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. எங்கள் வீட்டில் பணம் இருந்ததாக நினைக்க வேண்டாம். இழந்தாலும் பரவாயில்லை என்று மேசைமேல் வைக்க ஒன்று இருந்தது. சார்லட் விமான நிலையத்தில் நான் ரெண்டு பெட்டியோடு நின்றபோது அந்தப் பத்திரம் கரூரில் வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. கணக்கில் அதை யாரும் மூன்றாவது பெட்டியாகச் சேர்ப்பதில்லை.

அமெரிக்கா வாழ் இந்தியர்களைப் பற்றி ஆராய்ந்த தேவேஷ் கபூரும் அவருடைய சகாக்களும் இதை மூன்று முறை சலித்து எடுத்த கூட்டம் என்கிறார்கள். முதலில் ஊரில் யாருக்குப் பள்ளியும் கல்லூரியும் எட்டியது என்பது ஒரு சலித்தெடுப்பு. நுழைவுத் தேர்வுகள் இரண்டாவது. பட்டம் இருந்தால்தான் எச்1பி என்று சொல்லும் அமெரிக்க விசா மூன்றாவது. 2020-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், இங்குள்ள இந்திய வம்சாவளி இந்துக்களில் தங்களுக்குச் சாதி அடையாளம் உண்டு என்று சொன்னவர்களில் 83 சதவீதம் பேர் முற்பட்ட அல்லது பொதுப் பிரிவு. 2019-ல் இந்தியக் குடும்பங்களின் நடுத்தர ஆண்டு வருமானம் 1,19,000 டாலர், இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டதாரிகள். இதைக் காட்டித்தான் 'நம்ம கலாச்சாரம், நம்ம உழைப்பு' என்று மேடையில் பேசுகிறார்கள். சலித்து எடுத்த மாவைக் காட்டி, எங்கள் ஊர்க் கோதுமையில் தவிடே கிடையாது என்பதுபோல.

துண்டு நெய்த ஊர்

என் அணியில் டெஸ்டிங் பார்க்கும் ஒரு அம்மையார் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். சார்லட்டிலிருந்து வடகிழக்கே அரை மணி நேரத்தில் இருக்கும் கனாபொலிஸ்காரர். ஒருநாள் ஊர்ப்பேச்சு வந்தது. எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் தைத்து உங்கள் நாட்டுக்கு அனுப்புவோம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ எங்க மில்லு உங்க ஊருக்குத்தான் வந்துச்சா?"

கனாபொலிஸ் என்றால் அமெரிக்கர்களுக்குத் துண்டு. கேனன் மில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்டாக்கிய ஊர் அது. தொழிலாளர் வீடுகள் மில்லுக்குச் சொந்தம், வாடகை மலிவு. 1984 வரை அதற்கு முறையான நகராட்சிகூடக் கிடையாது. மில்தான் ஊர், ஊர்தான் மில். கைமாறிக் கைமாறிக் கடைசியில் பில்லோடெக்ஸ் என்ற பெயரில் இருந்தபோது, 2003 ஜூலை 30-ம் தேதி ஒரேயடியாக மூடினார்கள். நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. வட கரோலினாவில் மட்டும் 4,000-க்கும் மேல். அந்த மாநிலம் அதுவரை ஒரே நாளில் அத்தனை பெரிய வேலையிழப்பைப் பார்த்ததில்லை. பழைய கடன், மலிவான இறக்குமதி என்று பல காரணங்கள். ஜவுளி இறக்குமதிக்கு இருந்த கோட்டாக்கள் 2005 ஜனவரி 1-ம் தேதி முழுசாகப் போனபோது கரூரில் புது மெஷின் இறக்கினார்கள். என் அப்பா இந்த அம்மையாரின் அம்மாவிடமிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டார் என்று சொன்னால் அது சினிமா. ஆனால் ஒரே துண்டு வியாபாரத்தில் ஒரு வீடு ஏறியது, ஒரு வீடு இறங்கியது. அதை மறுக்க முடியாது.

அவருடைய பாட்டியும் அம்மாவும் அந்த மில்தான். அம்மா துண்டுக்கு ஓரம் அடிக்கும் பிரிவில் இருந்தார். ஓரம் அடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும் என்றதும், கையை மேசைமேல் வைத்து அம்மா துணியைத் தள்ளிவிடும் விதத்தைச் செய்து காட்டினார். எங்கள் யூனிட்டில் அக்காக்கள் தள்ளுவதும் அதேபோலத்தான். மில் மூடியபோது இவர் கல்லூரியில் முதல் வருஷம் முடித்திருந்தார். இங்கே இளநிலைப் படிப்புக்கு மத்திய அரசின் கடனுக்குப் பத்திரம் தேவையில்லை, அப்பா பிணைக் கையெழுத்துப் போடவும் தேவையில்லை. அந்த விஷயத்தில் என் நண்பனைவிட இவருடைய நிலை மேல். அப்படியும் படிப்பை நிறுத்தினார். அம்மாவின் சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று, அம்மாவுக்கோ சர்க்கரை. ஒரு கால் சென்டரில் சேர்ந்தார். படித்த ஒரு வருஷத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடியது. பட்டம் வாங்கும்போது முப்பதைத் தாண்டிவிட்டார், மாலை வகுப்புகளில்.

"சொந்தக்காரங்க யாரும் உதவலையா?" என்று நான் கேட்டேன். நம் ஊர்க்காரன் கேட்கும் கேள்விதான். "எல்லாரும் மில்லுலதானே இருந்தாங்க" என்றார்.

இந்தப் பதில்தான் எனக்கு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 2008, 2009-ல் ஆர்டர் விழுந்தபோது எங்கள் யூனிட்டும் பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது. ஆனால் அம்மாவின் அண்ணன் மின்வாரியத்தில், மாதச் சம்பளம். சித்தப்பாவுக்கு மளிகைக் கடை. பெரியம்மா வீட்டில் கொஞ்சம் தென்னை. ஒரு தொழில் படுத்தால் இன்னொரு வீட்டில் அடுப்பு எரியும். மாமாவிடம் வாங்கியதை அப்பா மூன்று வருஷத்தில் திருப்பிக் கொடுத்தார். கனாபொலிஸில் அம்மா, மாமா, சித்தி, பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லோருக்கும் ஒரே வாரத்தில் கடைசிச் சம்பளம். கைமாற்றுக் கேட்கக்கூட ஆளில்லை. குடும்பப் பின்னணி என்றால் அப்பா என்ன படித்தார், என்ன சம்பாதித்தார் என்றுதான் நாம் கேட்கிறோம். அப்பாவுக்கு வேலை போன அன்றைக்கு யாரிடம் போய் நிற்க முடியும் என்பதும் அதில் சேர்த்திதான். செட்டி குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: சொந்த அப்பா அம்மாவுக்கு வேலை இருக்கிறதா என்பதைத் தாண்டி, சுற்றியிருக்கும் பெற்றோருக்கு வேலை இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பிள்ளைகளின் எதிர்காலம் ஏறி இறங்குகிறது. ஏழை வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளின் வாய்ப்பு சமீப தலைமுறையில் குறைந்ததற்கு அவர்கள் காட்டும் காரணம் அது.

ஒரே படியில் நிற்பவர்கள்

ரான் அப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்தான் என்ற இரண்டு பொருளாதார வரலாற்றாசிரியர்கள், தங்கள் சகாக்களோடு, நூற்றுக்கும் மேற்பட்ட வருஷத்து அமெரிக்கத் தரவுகளைத் தோண்டியவர்கள். ஒரே வருமானப் படியில் இருக்கும் ஒரு வந்தேறிக் குடும்பத்தையும் உள்ளூர்க் குடும்பத்தையும் எடுத்தால், வந்தேறியின் பிள்ளை மேலே ஏறுகிறது. 1880-லும் அப்படித்தான், 1910-லும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். அன்று அயர்லாந்தும் இத்தாலியும், இன்று மெக்சிகோவும் இந்தியாவும். கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்காரர்களுக்கும் இது பொருந்துகிறது. இன்றைய தரவில் ஜமைக்கா, ஹைதி போன்ற கரீபிய நாடுகளிலிருந்து வந்தவர்களின் மகன்கள் மட்டும் விலக்கு. அங்கே தோல் நிறம் குறுக்கே வருகிறது. அதே வருமானம், அதே தெரு என்று வைத்துப் பார்த்தாலும் கறுப்பினப் பையன்கள் வெள்ளைப் பையன்களைவிடக் குறைவாகத்தான் சம்பாதிக்கிறார்கள். நாட்டின் 99 சதவீதக் குடியிருப்புப் பகுதிகளில் இதுதான் நிலை என்று செட்டி குழு 2018-லேயே காட்டிவிட்டது.

தீபாவளிச் சாப்பாட்டுப் பெரியவர் இந்த ஆய்வைப் பார்த்தால் 'நான் சொன்னேன்ல' என்பார். ஆனால் ஆய்வாளர்கள் தரும் விளக்கம் அவருக்குப் பிடிக்காது. ஒன்று, 'ஒரே படி' என்பது பாதி பொய். சொந்த ஊரில் கணக்கு எழுதியவர் இங்கே பெட்ரோல் பங்கில் நிற்பார். மொழி சரியாக வரவில்லை, பட்டம் செல்லவில்லை. அவர் சம்பளத்தைப் பார்த்தால் கீழ்ப்படி. அவர் வீட்டில் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் வேறு படி. இன்னொன்று, வந்தவர்கள் வேலை இருக்கும் ஊராகப் பார்த்துப் போகிறார்கள். பிள்ளைகள் முன்னேறக்கூடிய ஊர்களில்தான் அவர்கள் அதிகம். உள்ளூர்க்காரர் அப்படி நகர்வது லேசல்ல. கனாபொலிஸ் அம்மையாருக்கு மேற்குக் கடற்கரையில் நல்ல வேலை ஒன்று வந்ததாம். அம்மாவை யார் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது என்று விட்டுவிட்டார். என் அம்மாவுக்கு மூட்டு வலி. கரூரில் தங்கை பார்த்துக்கொள்கிறாள். ஊரை ஒருமுறை விட்டவனுக்கு, டல்லாஸுக்கு மாறு என்றால் மாறுவது பெரிய விஷயமே இல்லை.

இதில் என் பத்திரக் கதைக்குப் பொருந்தாத ஒன்றும் இருக்கிறது. சார்லட்டின் கிழக்கே, சென்ட்ரல் அவென்யூ பக்கம், மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள். கூரை வேய்பவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர்கள். பத்திரமும் கிடையாது, பட்டமும் கிடையாது, பலருக்கு விசாவே கிடையாது. அவர்கள் பிள்ளைகளும் அதே படியில் நிற்கும் உள்ளூர்க்காரரின் பிள்ளைகளைவிட மேலே போகிறார்கள். எங்களைப்போல அவ்வளவு உயரம் இல்லை, ஆனால் போகிறார்கள். எல்லாவற்றையும் அந்தச் சலித்தெடுப்பு ஒன்றை வைத்தே விளக்கிவிட முடியாது. கிளம்பி வரும் துணிச்சல், போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம், பிள்ளையை வைத்துத்தான் எல்லாம் என்ற வெறி, இவையெல்லாம் உண்மையாகவே இருக்கின்றன. உழைப்பு இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இரவு ஷிப்டில் பாத்திரம் கழுவுகிறவரைவிட நான் அதிகம் உழைக்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் சிரிப்பு வரும்.

கோட்டுக்கு இந்தப் பக்கம்

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது மகளுக்கு மூன்று வயது. அவள் இங்கேயே பிறந்தவள். இனி இந்த ஆய்வுகளில் அவளுடைய 'குடும்பப் பின்னணி' என்ற கட்டத்தில் வரப்போவது நாங்கள்தான்.

நாங்கள் வீடு தேடியபோது வீட்டு ஏஜென்ட் அறைகள், கொல்லைப்புறம், கூரையின் வயது எல்லாவற்றையும் பேசினார். 'பள்ளி எப்படி, யார் குடியிருக்கிறார்கள்' என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கவில்லை. அப்படிப் பேசி ஆட்களை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒதுக்குவது வீட்டுரிமைச் சட்டப்படி சிக்கல். அந்த இடத்தை நிரப்பத்தான் நம் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு, எந்தப் பள்ளிக்கு எத்தனை மதிப்பெண், 'நம்மாளுங்க' எத்தனை வீடு, எல்லாம் ஒரே மாலையில் வந்துவிடும். பெற்றோரின் திறமை மட்டுமல்ல, அவர்களுடைய இனக் கூட்டத்தின் சராசரித் திறமையும் பிள்ளைக்குச் சொத்துபோல இறங்குகிறது என்று 1992-ல் எழுதிய பொருளாதார நிபுணர் ஜார்ஜ் போர்ஹாஸ், அவரும் கியூபாவிலிருந்து சிறுவனாக வந்தவர், எங்கள் குழுவை ஒருநாள் படித்திருந்தால் உதாரணத்துக்கு வேறெங்கும் போயிருக்கமாட்டார். பள்ளி எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்கினோம். அந்தப் பக்கம் அதேபோன்ற வீடு கணிசமாக மலிவு.

2023-ல் தெற்கு சார்லட்டில் புது உயர்நிலைப் பள்ளி ஒன்று வரப்போவதால் எல்லைகளை மாற்றி வரைகிறார்கள் என்று செய்தி வந்தது. வரைபடம் மேல் வரைபடமாக வெளியிட்டார்கள். அதில் ஒன்றில் எங்கள் தெரு வேறு பள்ளிக்குப் போனது. குழுவில் தீப்பிடித்தது. மனு தயாரானது. 'எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தில் விளையாடாதீர்கள்' என்று தொடங்கி, ஏழை மாணவர்களின் விகிதம் அதிகமானால் பள்ளித் தரம் என்ன ஆகும் என்பதை நாகரிகமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களில் ஒருவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அவரும் முதல் பட்டதாரிதான்.

நான் கையெழுத்துப் போடாமல் இரண்டு மூன்று நாள் வைத்திருந்தேன். மனைவி கேட்டாள். கனாபொலிஸ், புறம்போக்கு வீடு, 4.4 சதவீதம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிரசங்கமே செய்தேன். அவள் பாத்திரத்தை மெஷினில் அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "உங்கப்பா பத்திரத்தைக் கொண்டுபோய் வெச்சப்போ, பக்கத்துல அந்த ஃப்ரெண்டுக்கு வழியில்லையேன்னு எடுத்துட்டு வந்தாரா?" என்றாள். "இல்ல. ஆனா ஃப்ரெண்டுக்குக் கடன் குடுக்காதீங்கன்னு பேங்க்ல மனுவும் குடுக்கல" என்றேன். "அப்ப போடாதீங்க, நான் போடுறேன்" என்று என் லேப்டாப்பிலேயே அவள் பெயரில் போட்டாள். வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும் என்று மனுவிலேயே எழுதியிருந்தது.

பள்ளி வாரியம் எல்லையை முடிவு செய்தபோது எங்கள் தெரு மாறவில்லை. இரண்டு தெரு தள்ளி மாறியது. அந்தத் தெருக்காரர்கள் குழுவில் பல வாரம் கொதித்தார்கள், வழக்குப் போடலாமா என்றுகூடப் பேசினார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிய பேச்சு சீக்கிரமே நின்றுவிட்டது. வீட்டு விலை எவ்வளவு இறங்கும் என்பது மட்டும் ரொம்ப நாள் ஓடியது.